அடுத்த தபால் எடுக்கும் நேரம்

புதுவயல் அரிசி ஆலைச் சாலையில்
தபால் பெட்டிக்குக் கடிதம் போடப் போன ஒருவர்
வீங்கிய விரலோடு திரும்பிய பிறகுதான்
எனக்குப் போன் வந்தது.

பேசியவள் ரஹ்மத் நிஷா, தபால்காரி.
"நாப்பது நாளா பூட்டைத் தொடல.
மேலிடத்துக்கு எழுதியாச்சு.
எழுதினத எந்தப் பெட்டியில போட்டேன்னு
கேக்காதீங்க."

நான் போனபோது மணி நாலு.
ஆலை மேஸ்திரி அடைக்கலம்
சாக்கும் மண்ணெண்ணெய்க் கேனுமாய்
எனக்கு முன்பே நின்றிருந்தார்.
"ஒரு தீக்குச்சி வேலம்மா."
உள்ளே தபால் இருக்கிறது, அரசாங்கச் சொத்து என்றேன்.
ஈக்களைச் சொல்லியிருந்தால்
கேட்டிருக்க மாட்டார்.
கேனைத் திருகி மூடினார்.

பொந்துத் தேனீ.
இருட்டும் விரல் நுழையும் வாசலும்
போதும் அதற்கு.
சிவப்புப் பெயின்ட் அடித்த பொந்தைப்
பொந்தில்லை என்று யார் சொல்வது?

சாலையின் இரு முனையிலும் சைக்கிளைக் குறுக்கே போட்டோம்.
டியூஷன் பிள்ளைகளை ஊரணிக் கரையாகச் சுற்றி விட்டோம்.
தேங்காய் நார்ப் புகை, மூன்றே ஊது.
பூட்டுக்கு நிஷா எண்ணெய் விட்டாள்.
கதவு முனகித் திறந்தது:

ஏழு அடை,
கொடியில் காயும் வேட்டிகள் போல
ஒன்றையொன்று தொடாமல்.

நான் கையுறை போடுவதில்லை.
எங்கே நசுங்குகிறது என்று
கையுறைக்குத் தெரியாது.

நாலாவது அடையில் ராணி.
கொஞ்சம் நீளம், கொஞ்சம் கருப்பு,
யாரையும் அதட்டாதவள்.
சிறு கூண்டில் அவளை ஏற்றி
மரப்பெட்டிக்குள் தொங்கவிட்டேன்.
புழு உள்ள அடைகளை அறுத்துச்
சட்டத்தில் வைத்து வாழை நாரால் கட்டினேன்.
இறுக்கினால் பிள்ளைகள் நசுங்கும்,
தளர்ந்தால் முதல் வேகத்தடையிலேயே விழும்.
தேனில் தைலமர வாசம்.

அடியில் தபால்கள்.
முகூர்த்தம் முடிந்துபோன ஒரு பத்திரிகை.
பிரசாதம் கேட்டு ஒரு கார்டு.
பின்சுவரோடு மெழுகால் ஒட்டியிருந்த
பழுப்பு உறை ஒன்று;
ஓரத்தை ஈக்கள் மென்றிருந்ததால்
உள்ளிருந்த தாள் தானாகப் படித்துக் காட்டியது:
நான் உயிருடன் இருக்கிறேன் என்று இதன்மூலம்...
பெயர், தேனப்பன்.
ஓய்வு பெற்ற கருவூல எழுத்தர்.

நிஷா சிரித்தாள்.
பாதியில் நிறுத்தினாள்.
"இவருக்குத்தான் போன மாசம் பென்ஷன் நின்னுச்சு.
கம்ப்யூட்டர்ல செத்துட்டாராம்.
தினம் வந்து நிப்பாரு,
நான் இருக்கேன்ல, நான் இருக்கேன்லன்னு."

மரப்பெட்டியைத் தபால் பெட்டியின் வாய் இருந்த உயரத்தில்
ஸ்டூல் போட்டு வைத்தேன்.
வாசலில் நாலைந்து ஈக்கள்
வாலைத் தூக்கிச் சிறகு விசிறின:
இங்கே, இங்கே.

ஐந்தரைக்கே எடுத்துவிடலாமா என்றார்கள்.
முடியாது.
முந்திரித் தோப்புக்குப் போனவை
இன்னும் வரவில்லை.
அடைக்கலம் டீ வாங்கி வந்தார்,
மூடிய கேன்மேல் உட்கார்ந்தார்.
"இன்னொண்ணு வருது" என்றார்.
சற்றுப் பொறுத்து, "இன்னொண்ணு."
பத்தொன்பது வரை கேட்டது எனக்கு.
ஆலைச் சங்கு ஊதியதும் எழுந்து போனார்,
கேனை மறந்துவிட்டு.

இருட்டிய பின் வாசலுக்கு வலை அடித்து
ஸ்கூட்டியின் கால் வைக்கும் இடத்தில் பெட்டியை ஏற்றிக்
கண்டனூர் தாண்டும்வரை இருபதிலேயே ஓட்டினேன்.
முழங்கால்களுக்கு நடுவில்
தூரத்து மழை போல ஒரு சத்தம்.

விடிந்ததும் திரும்பப் போனேன்.
எப்போதும் போகிறேன், இதற்குக் கூலி கிடையாது.
இரவு பூவிலேயே தங்கிவிட்ட பன்னிரண்டு ஈக்கள்
கழுவித் துடைத்த தபால் பெட்டியின் வாயை
முகர்ந்து முகர்ந்து விலகிக்கொண்டிருந்தன.
இவற்றுக்கென்று ஒரு பிஸ்கட் டப்பா வைத்திருக்கிறேன்,
மூடியில் ஆணி ஓட்டைகள்.

பக்கத்தில் தேனப்பன், சட்டைப் பை கனக்க,
அந்தத் தாளை வெளியே எடுத்து எடுத்துப் பார்த்தபடி.
மெழுகுக் கறையோடு ஆபீசில் வாங்குவார்களா
என்று என்னிடம் கேட்டார்.
எனக்குத் தெரியவில்லை.

ஒன்பது ஏறின.
மூன்று ஏறவில்லை.
அவை சுற்றிக்கொண்டிருந்த இடத்துக்குக் கீழே
இரும்பில் வார்த்த எழுத்து:
அடுத்த தபால் எடுக்கும் நேரம்.
எதிரே இருந்த
எண் தகட்டை எப்போதோ
யாரோ கழற்றியிருந்தார்கள்.